பெட்டி ஒன்று, பிரதிகள் எத்தனை?

மகாளய அமாவாசைக்கு மறுநாள் இரவு, அதாவது 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு தொடங்கி, அடுத்த நாள் விடியும் வரையில் கொல்கத்தாவில் கொட்டிய மழை, காளிகாட்டு மழைமானியில் ஏறத்தாழ 280 மில்லிமீட்டர் என்று பதிவாயிற்று. ஒரு சதுர மீட்டர் தரையின்மேல் 280 லிட்டர், பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் பதினெட்டுக் குடத்துக்கும் மேலான நீர், ஒரே இரவில் வந்து விழுந்தது என்று அதற்கு அர்த்தம். ஆதிகங்கை என்று பெயர் தாங்கிய கால்வாய் அந்த நீரை வாங்கிக்கொள்ள மாட்டாமல் நிற்க, சதானந்த ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில் தரைத்தளத்து வீடுகளுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் புகுந்துவிட்டது.

அப்படிப் புகுந்த வீடுகளில் ஒன்று, 1960-களில் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்றுக்கொண்டு மதராஸிலிருந்து ஹௌரா மெயில் ஏறி வந்து, உத்தியோகம் முடிந்த பின்னும் இவ்வூரை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட ஒரு தமிழ்ப் பெரியவருடையது. காலஞ்சென்ற அவருடைய மனைவி நவராத்திரிக் கொலுக்களில் பாடிய பாட்டுகள், நாற்பது ஒலிநாடாக்களில் இருந்தவற்றை, ஒரு வருஷம் முழுவதும் உட்கார்ந்து கணினியில் ஏற்றியிருந்தார். குடும்பப் புகைப்படங்களையும் அவ்வாறே. எச்சரிக்கையான மனிதராதலால், கணினியில் ஒரு பிரதி, அதே மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி என்று இரண்டாக வைத்திருந்தார். தண்ணீர் இரண்டையும் ஒருங்கே எடுத்துக்கொண்டது.

“தம்பி, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கணும்னுதானே ரெண்டு வெச்சேன்? ரெண்டும் எப்படிப் போகும்?” என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு, பெங்களூரிலிருக்கும் மகள் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு பெட்டியைப் பற்றியும் விசாரித்தார். இரண்டு தட்டுகள் பொருத்தி, வீட்டு ரவுட்டரோடு இணைத்துவிட்டால் டெலிவிஷனிலும் கைபேசியிலும் எல்லாம் தெரியுமாம். ஒரு தட்டு கெட்டாலும் மற்றது காப்பாற்றுமாம். “அது வாங்கினா இனிமே பயமில்லையா?” என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றேயாகும். ஆனால் அந்த விடையைப் பூரணமாக உணர்வதற்கு, அப்பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரர்கள் ‘நாஸ்’ என்று சொல்லும் இந்தச் சாதனத்தை நாம் வலைச் சேமகம் என்று அழைக்கலாம். கணினிக்குள் அடைபட்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை, அதாவது வன்தட்டை, எடுத்து, தனக்கென ஒரு சிறு மூளையும் மின்விசிறியும் கொண்ட பெட்டியில் வைத்து, வீட்டிலுள்ள எல்லாரும் வலைவழியே வந்து எடுக்கவும் வைக்கவும் தக்கதாகச் செய்திருக்கிறார்கள், அவ்வளவே. கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு பெட்டி வைத்திருந்த காலம் போய், நடுக்கூடத்தில் ஒரு பொதுப் பத்தாயம் வந்தாற்போல.

பத்தாயத்தின் உயிர்நிலை அந்தத் தட்டு. காந்தப் பூச்சுப் பூசிய வட்டத் தகடுகள் அதனுள்ளே இடைவிடாது சுழல்கின்றன. பூச்சின் ஒவ்வொரு நுண்ணிய பகுதியும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ காந்தம் ஏற்றப்பட்டு நிற்க, அந்தத் திசைகளின் வரிசையே எழுத்தாகவும் இசையாகவும் படமாகவும் பொருள்படுகிறது. காந்தப் பூச்சில் கணக்கு எழுதிவைக்கும் வித்தை இந்நகரத்துக்குப் புதிதன்று. நகரின் வடபுறத்தில், பாராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில், 1955-ஆம் ஆண்டில், இந்தியாவின் முதல் கணினி என்று சொல்லப்படும் எச்.இ.சி-2எம் நிறுவப்பட்டபோது, அதன் நினைவகமும் ஒரு காந்த உருளையாகவே இருந்தது. அது கொண்டது 1,024 சொற்கள். மறு ஆண்டு அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட ரேமாக் என்ற இயந்திரம், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தகடுகளை அடுக்கி, ஐம்பது லட்சம் எழுத்துக்களைத் தாங்கியது. பெரியவர் வீட்டு ஒலிநாடா ஒன்றை, தொண்ணூறு நிமிஷம் ஓடுவதை, சி.டி. இசைத்தட்டின் தரத்தில் சுருக்காமல் எழுதினால் ஏறக்குறைய 950 மெகாபைட் ஆகும். ஒரு கொலு நாள் பாட்டை வைக்க அப்படிப்பட்ட ரேமாக் இயந்திரங்கள் 190 வேண்டியிருந்திருக்கும்.

இவ்வளவு நெருக்கமாக எழுதியதைப் படிப்பதற்கு, படிக்கும் முனை தகட்டை மிகவும் அண்டியிருக்க வேண்டும். ஆனால் தொடவும் கூடாது. தகடு சுழலும் வேகத்தில் எழும் காற்றுப் படலத்தின்மேல் அந்த முனை மிதந்துகொண்டு போகிறது. நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 2020-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி இந்நகரின் மரங்களை வேரோடு சாய்த்த ஆம்பன் புயலின் வேகத்தை நினைத்துக்கொள்ளலாம். அந்தப் புயலில், முனைக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியோ சில நானோமீட்டர்களே. நம் தலைமயிர் ஒன்றின் கனத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கு என்று சொன்னால் மிகையாகாது. ஆகவே ஒரு தூசி, ஒரு உப்புக்கறை, காய்ந்துபோன சேற்றின் ஒரு துகள், அந்த ஓட்டத்தின் குறுக்கே நின்றால் போதும். முனை தகட்டில் மோதிப் பூச்சைச் சுரண்டிவிடும்.

பெரியவர் வீட்டில் நேர்ந்ததும் அதுவே. தண்ணீர் வடிந்ததும் அவர் அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கை மொட்டைமாடியில் இரண்டு நாள் உலர்த்தி, நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நம்பி மின்சாரம் கொடுத்தார். ‘டக், டக்’ என்று ஒரு ஓசை, பிறகு தகரத்தை அரத்தால் ராவுவது போன்ற ஒரு நீண்ட ஓசை, அவ்வளவுதான். தண்ணீரில் நனைந்த தட்டு அந்த க்ஷணத்தில் செத்துவிட்டது என்று கருதவேண்டியதில்லை. காந்தத்தின் திசையை மழைநீர் மாற்றுவதில்லை. உலர்ந்த சேற்றோடு அதைச் சுழலவிட்டதுதான் கொன்றது. நனைந்த தட்டு எவரிடமேனும் இருந்தால், உலர்த்தாமலும், மின்சாரம் கொடுக்காமலும், தூசியற்ற அறை வைத்துத் தகவல் மீட்கும் தொழில் செய்பவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பதை, இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டாலும், நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளமே வராவிட்டாலும் ஒரு தட்டு எத்தனை காலம் வாழும்? கம்பெனிகள் அச்சிடும் குறிப்புத்தாளில், பழுதுக்குப் பழுது சராசரி இடைவெளி பத்து லட்சம் மணி நேரம் என்று கண்டிருக்கும். கணக்குப் போட்டால் 114 வருஷம். வன்தட்டு என்ற பொருளே பிறந்து எழுபது வருஷம் ஆன நிலையில், 114 வருஷம் வாழ்ந்த தட்டை யார் கண்டார்கள்? இந்த எண் பொய்யன்று. ஆனால் நாம் நினைக்கும் பொருளில் மெய்யுமன்று. ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து வயதுச் சிறுவர்கள் ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்து, அவர்களில் ஒருவன் மாண்டான் என்று கண்டு, அதனால் மனித ஆயுள் ஆயிரம் வருஷம் என்று ஒருவர் முடிவு கட்டினால் எப்படியோ, அப்படிப்பட்டதே இக்கணக்கு. இளமையில் உள்ள கூட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் விழுகிறார்கள் என்பதுதான் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. முதுமையைப் பற்றி அது பேசுவதேயில்லை.

உண்மையை அறிய வேண்டுமானால் பெருந்தொகையான தட்டுகளைப் பல வருஷங்கள் உடனிருந்து எண்ண வேண்டும். அந்தப் பொறுமையான காரியத்தை இரண்டு குழுவினர் செய்து, 2007-ஆம் ஆண்டில் ஒரே மாநாட்டில் வெளியிட்டனர். கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்ஸனும் ஏறத்தாழ ஒரு லட்சம் தட்டுகளின் சரித்திரத்தைத் திரட்டினார்கள். குறிப்புத்தாளின்படி ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுகூட மாற்றப்படக் கூடாது. நடைமுறையிலோ நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்படுவது சகஜமாகவும், சில இடங்களில் பதின்மூன்று வரைகூடப் போவதாகவும் கண்டார்கள். தட்டுக்கு வயதாக ஆக விழுக்காடு ஏறுகிறது என்றும், ஒரு தட்டு விழுந்தால் அதே கூட்டத்தில் இன்னொன்றும் விரைவில் விழுவதற்கான வாய்ப்பு மிகுகிறது என்றும் அவர்கள் கண்டது நமக்கு மிகவும் முக்கியமானது. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே வார்ப்பில் வந்த இரண்டு தட்டுகளை வாங்கிப் பொருத்துகிறவர், இரட்டைப் பிள்ளைகள் ஒரே காய்ச்சலில் விழுவதற்கு இடம் கொடுக்கிறார். இந்நகரத்துச் சாந்தினி சவுக்கில் ஒன்றும், ஒரு மாதம் கழித்து வேறு கடையில் ஒன்றுமாக வாங்கும்படி நான் பெரியவருக்குச் சொன்னதன் காரணம் இதுவே.

மற்றொரு குழு கூகுள் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளைப் பார்த்த அவர்களுடைய முடிவுகளில் இரண்டு, கேட்ட மாத்திரத்தில் நம்புவதற்கு அரியவை. வெப்பம் தட்டைக் கொல்லும் என்று எல்லாரும் நம்பியிருக்க, மிகமிக அதிகமான சூட்டைத் தவிர மற்றபடி வெப்பத்துக்கும் பழுதுக்கும் அவ்வளவு நெருக்கமான சம்பந்தம் தென்படவில்லை; சித்திரை வைகாசியில் கொல்கத்தாவில் புழுங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சற்று ஆறுதல். மற்றொன்று ஆறுதலளிப்பதன்று. ஒவ்வொரு தட்டும் தன் உடல்நிலையைத் தானே கவனித்து எச்சரிக்கை சொல்லும்படி ஏற்பாடு இருக்கிறது. அப்படி எழுத்துப் பரப்பில் முதல் பிழையைக் கண்டதாக ஒரு தட்டு சொன்னால், அடுத்த அறுபது நாளில் அது விழும் சாத்தியம், பிழை காணாத தட்டைவிட 39 மடங்கு. ஆகவே எச்சரிக்கை வந்தால் தாமதிக்கலாகாது. ஆயினும் விழுந்த தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமானவை என்று அவர்கள் கண்ட நான்கு வகை எச்சரிக்கைகளில் ஒன்றையும் தராமலே விழுந்தன.

எச்சரிக்காமல் சாகிற பொருளை நம்புவதற்கு ஒரே வழி, அது செத்தாலும் காரியம் கெடாதபடி செய்துகொள்வது. 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்ஸன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: விலையுயர்ந்த ஒரே பெருந்தட்டை வாங்குவதைவிட, மலிவான பல தட்டுகளை, ஒன்றிரண்டு விழுந்தாலும் தாங்கும்படி ஒருங்கே கோத்துக்கொள்ளலாம். ‘ரெய்டு’ என்று கடைகளில் அடிபடும் சொல் அங்கிருந்து வந்தது. அதில் எளியது இரட்டைப்பதிவு. எழுதுவதையெல்லாம் இரண்டு தட்டிலும் எழுதுவது. இரண்டு தட்டுப் பெட்டியில் நடப்பது பெரும்பாலும் இதுவேயாகும்.

நாலு தட்டுப் பெட்டியில் நடப்பது இதைவிட ஆச்சரியமானது. அங்கே மூன்று தட்டு அளவுக்குத் தகவல் வைக்கலாம். நான்கில் எது கெட்டாலும் ஒன்றும் போகாது. மூன்றுக்கும் தனித்தனிப் பிரதி வைக்க இன்னும் மூன்றல்லவா வேண்டும், ஒன்று எப்படிப் போதும் என்று எவரும் கேட்பார்கள். விடை, நம் வீட்டுத் திண்ணையில் குழந்தைகள் ஆடிய ஒற்றையா இரட்டையா விளையாட்டில் இருக்கிறது. மூன்று குழந்தைகள் ஆளுக்குக் கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்துக்கொள்கிறார்கள், அல்லது வெறுங்கையை மூடிக்கொள்கிறார்கள். நான்காவது குழந்தை மூவர் கையையும் பார்த்துவிட்டு, மொத்தம் ஒற்றைப்படையானால் தானும் ஒரு கொட்டையை எடுத்துக்கொள்கிறது, இரட்டைப்படையானால் எடுப்பதில்லை. இப்பொழுது நால்வர் கையிலும் உள்ளதைக் கூட்டினால் எப்பொழுதும் இரட்டைப்படைதான். நால்வரில் எவரேனும் ஒருவர் எழுந்து ஓடிவிட்டால், மற்ற மூவர் கையைத் திறந்து பாருங்கள்: மொத்தம் ஒற்றைப்படையானால், ஓடியவர் கையில் கொட்டை இருந்தது, இரட்டைப்படையானால், இல்லை. தட்டில் உள்ளவையெல்லாம் கொட்டை உண்டு, கொட்டை இல்லை என்ற இருநிலை வரிசைகளேயாதலால், கோடானுகோடி இடங்களில் இந்த ஒரே விளையாட்டை ஆடி, ஓடிப்போன தட்டு முழுவதையும் திரும்ப எழுதிவிடலாம். இதை ஒற்றையிரட்டைக் குறி என்று சொல்லலாம். இருவர் ஒரே சமயத்தில் ஓடிவிட்டால் விளையாட்டு செல்லாது என்பதையும் கவனிக்க வேண்டும். திரும்ப எழுதும் வேலைக்கு, பெரிய தட்டானால் ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கிறது, அதுவரையில் மற்றவை உயிரோடிருக்க வேண்டும்.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டைக் கேட்ட பிறகு, பெரியவருடைய பயத்துக்கு இனி இடமில்லை என்று தோன்றும். ஆனால் இத்தனை சாமர்த்தியமும் ஒரே ஒரு விபத்துக்கு, அதாவது தட்டு தானாகக் கெடுவதற்கு, எதிரான காப்பு மட்டுமே. பேரன் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், இரட்டைப்பதிவு அந்த அழிப்பையும் இரண்டு தட்டிலும் விசுவாசமாக உடனே நிறைவேற்றும். வலைவழியே புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்கள், இத்தகைய பெட்டிகளையே குறிவைத்து 2021-இலும் 2022-இலும் உலகெங்கும் பரவியபோது, எத்தனை தட்டு வைத்திருந்தவரையும் அவை ஒன்றுபோலவே பூட்டின. திருடன் பெட்டியையே தூக்கிப் போவான். தண்ணீருக்கோ தட்டுக் கணக்குத் தெரியாது. பெரியவரின் கணினியும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் இரண்டு பொருள்கள்தாம். ஆனால் ஒரே மேஜை, ஒரே முழங்கால் உயரம், ஒரே இரவு. விபத்தின் கண்ணுக்கு அவை ஒன்றே. பிரதிகளை எண்ணும்போது எத்தனை தட்டு என்று எண்ணுவது தவறு. ஒரே இடரில் சேர்ந்து போகாதவை எத்தனை என்று எண்ண வேண்டும்.

இதற்குச் சாட்சி தேடிக் கடல் கடந்து போகவேண்டியதில்லை, காளிகாட்டே போதும். சாட்சிப் பொருள்தான் கடல் கடந்து போயிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குள்ள காளி ஆலயத்தைச் சுற்றிய சந்துகளில் பட்டுவா எனப்படும் சித்திரக்காரர்கள், ஆலையில் செய்த மலிவான தாளில் காளியையும் சிவனையும், வாயில் மீனைக் கவ்விய பூனையையும், வேகமான தூரிகை வீச்சில் தீட்டி, யாத்திரிகர்களுக்குச் சொற்ப காசுக்கு விற்றார்கள். வங்காளத்து ஈரக்காற்றிலும் கறையான் வாயிலும் அந்தத் தாள் தலைமுறை தாண்டி நிற்பதற்கில்லை. எனினும் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் மட்டும் அறுநூற்றுக்கு மேற்பட்ட காளிகாட் படங்கள் இருக்கின்றன. ஒரே உருவைத் திரும்பத் திரும்பத் தீட்டினார்கள். தீட்டியதை வந்தவர்களெல்லாம் வெவ்வேறு திசைக்குக் கொண்டுபோனார்கள். மலிவும், பன்மையும், தூரமும் சேர்ந்து, தாளின் பலவீனத்தை வென்றன.

இதே நகரத்தின் மற்றொரு செல்வத்தின் கதை இன்னும் நெருக்கமானது. சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் மூல நெகடிவ் சுருள்கள், சீர்திருத்துவதற்காக லண்டனுக்கு அனுப்பப்பட்டு, 1993-ஆம் ஆண்டில் அங்கே ஒரு படச்சாலைத் தீயில் கருகின. கருகியவற்றை எறிந்துவிடாமல் அமெரிக்கத் திரைப்பட அகாதெமி இருபது வருஷம் பத்திரப்படுத்தியது. பிறகு இத்தாலியில் போலோனியா நகரத்து வல்லுநர்கள், நொறுங்கும் சுருள்களை இரசாயனத்தால் இளக்கி, ‘பதேர் பாஞ்சாலி’யில் ஒரு பகுதியையும் ‘அபராஜிதோ’வில் பெரும்பகுதியையும் மூலத்திலிருந்தே மீட்டார்கள். மீட்க முடியாத இடங்களுக்கு எங்கே போனார்கள்? ஹார்வர்டிலும், பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்திலும், மற்றும் சில இடங்களிலும் கிடந்த இரண்டாம் பிரதிகளுக்குப் போனார்கள். 2015-ஆம் ஆண்டில் அப்படங்கள் புதிய பொலிவுடன் வெளிவந்தபோது, அவற்றில் கணிசமான பகுதி, எவரோ எப்பொழுதோ வேறு ஊரில் எடுத்து வைத்திருந்த நகல்தான்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இந்த விவேகத்தை ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்ற சூத்திரமாகப் பரப்பினார்: மூன்று பிரதிகள், இருவேறு வகைப் பொருளில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வலைச் சேமகம் இந்த மூன்றில் ஒன்றாகிறது. வாங்காதே என்று நான் சொல்லவில்லை. வீட்டிலுள்ள ஐந்து கைபேசியிலும் சிதறிக் கிடப்பவை ஒவ்வோர் இரவும் தாமாகவே ஓரிடத்தில் வந்து சேருவது எவ்வளவோ பெரிய காரியம். மனிதன் மறப்பான், பெட்டி மறக்காது.

அபூர்வமாக நேரும் இன்னொரு கேட்டையும் சொல்ல வேண்டும். தட்டு சாகாமலே, அதில் எழுதிய ஓர் இருநிலைக் குறி மட்டும் ஓசையின்றிப் பிறழ்ந்துபோவதுண்டு. இரட்டைப்பதிவில் ஒரு தட்டு ஒன்று சொல்ல, மற்றது வேறு சொன்னால், எது மெய்? இருவர் மட்டுமே சாட்சியாக நின்று முரண்பட்டால் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் பெரியோர்கள் ஊர் ஊராக அலைந்து மூன்றாவது, நான்காவது பிரதி தேடியதன் காரணம் இது. வேதம் ஓதுவோர் சொற்களை நேராகச் சொல்வதோடு நில்லாமல், கிரமம், ஜடை, கனம் என்று முன்னும் பின்னும் மாற்றிக் கோத்துச் சொல்லி, ஓர் அசை பிசகினாலும் பின்னல் அறுந்து காட்டிக்கொடுக்கும்படி செய்துகொண்டதும் இதற்கே. மளிகைச் சிட்டையின் அடியில் கூட்டுத்தொகை எழுதுவதுபோல், ஒவ்வொரு துண்டுத் தகவலோடும் அதிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணை எழுதிவைத்தால், எந்தப் பிரதியின் கூட்டல் ஒத்துவருகிறதோ அதுவே மெய் என்று பெட்டியே தீர்த்துக்கொள்ளும். இசட்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைகளில் இந்த வசதி இருக்கிறது. ஒரு நாளின் நிலையை அப்படியே உறையவைத்து, பேரன் அழித்ததை நேற்றைய நிலையிலிருந்து மீட்கும் ‘ஸ்னாப்ஷாட்’ வசதியும் அவற்றில் உண்டு. பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் விசாரிப்பது இதைத்தான். பளபளப்பான மற்ற அம்சங்களெல்லாம் பிறகு.

கொள்ளளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பெரியவரின் நாற்பது நாடாக்களும் சுருக்காமலே 38 ஜிகாபைட். படத்துக்கு நான்கு மெகாபைட் என்று வைத்தால் இருபதினாயிரம் புகைப்படங்கள் 80 ஜிகாபைட். கைபேசி வீடியோதான் இடத்தை விழுங்குவது. நான்கு டெராபைட் தட்டு இரண்டு, இரட்டைப்பதிவில், ஒரு குடும்பத்துக்குப் பல வருஷம் தாங்கும். அதைக் கணினி 3.6 என்று காட்டினால் ஏமாந்துவிட்டதாக எண்ணவேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1,024-ஆல் வகுக்கிறது.

தட்டின் இனத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஓட்டுக் கூரையில் ஓர் ஓட்டின் விளிம்பின்மேல் அடுத்த ஓடு ஏறியிருப்பதுபோல், எழுத்துத் தடங்களை ஒன்றன்மேலொன்று சரித்து எழுதும் தட்டுகள் உண்டு, எஸ்.எம்.ஆர். என்பார்கள். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற, மேலுள்ள வரிசையை எல்லாம் பிரிக்க வேண்டுமல்லவா? அதுபோல், கெட்ட தட்டுக்குப் பதிலாக இதை வைத்துத் திரும்ப எழுதும் வேலை மிகவும் நீண்டுவிடும். இவ்வகைத் தட்டுகளைத் தயாரிப்பாளர்கள் இனம் சொல்லாமலே விற்றுவந்தது 2020-இல் வெளிப்பட்டுப் பெரும் கண்டனம் எழுந்தது. தடங்கள் ஒன்றன்மேலொன்று ஏறாத சி.எம்.ஆர். தட்டுதான் இப்பெட்டிக்கு ஏற்றது.

பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும், ரவுட்டரிலிருந்து பெட்டிக்குக் கம்பி இழுப்பது நல்லது. சாதாரண ஜிகாபிட் கம்பியில் விநாடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் போகும். டெலிவிஷனுக்குத் தெரிந்த வடிவத்தில் வீடியோ இருந்தால் எந்தச் சிறு பெட்டியும் அதை எடுத்துக் கொடுத்துவிடும். தெரியாத வடிவமானால் ஓடும்போதே மொழிபெயர்க்க வேண்டும், அதற்கு வலுவான மூளை வேண்டும். சினிமா திரட்டுபவருக்கு அது அவசியம். கொலுப்பாட்டுக் கேட்பவருக்கு அநாவசியச் செலவு. இருபது வாட் உண்ணும் பெட்டி மாதம் பதினான்கு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் எடுக்கும். கூடவே ஒரு சிறு யூ.பி.எஸ். வைத்தேயாக வேண்டும், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், எழுதியது பாதி, எழுதாதது பாதி என்று ஆகிவிடும். வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக இணையத்துக்கு நேரே கதவைத் திறந்து வைப்பது, நான் முன்னே சொன்ன பூட்டும் நிரல்களை வரவேற்பதாகும்; அந்த ஆசையை விட்டுவிடலாம்.

பெரியவருடைய புகைப்படங்கள் போனவை போனவைதாம். மகளுக்கு வாட்ஸப்பில் அவ்வப்போது அனுப்பிய முந்நூறு சொச்சம் மட்டும், சுருங்கிய உருவில், பெங்களூரிலிருந்து திரும்பி வந்தன. பிரதி என்று நினைத்து அவர் அனுப்பவில்லை. ஒலிநாடாக்களோ பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில் இருந்தபடியால் தப்பின. அந்தக் குளிர்காலத்தில் மறுபடி ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எங்கள் இரண்டாம் மாடி அலமாரியில் அவருக்காக வைத்த பெட்டியில் ஏற்றினோம். ஏற்றியவற்றை ஒரு சிறு வெளித்தட்டிலும் எழுதி, பொங்கலுக்கு வந்திருந்த மகளிடம் கொடுத்தனுப்பினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

அவள் ஊர் போய்ச் சேர்ந்த அன்று மாலையே அந்தத் தட்டைத் திறந்து ஏதேனும் ஒரு கோப்பை ஓட்டிக் காட்டும்படி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று கணக்கில் எழுத எனக்கு மனம் வருவதில்லை. கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டு பெரியவர் உட்கார்ந்தார். பெங்களூரிலிருந்து ஒரு தோடி ஆலாபனை புறப்பட்டு வந்தது. நடுவிலே, பாடுகிற அம்மாள் மூச்சு வாங்கும் இடத்தில், டிங் டிங் என்று ஒரு மணி. ராஷ்பிஹாரி அவென்யூவில் போய்க்கொண்டிருந்த ட்ராம். “1984-ஆ, 85-ஆ, தெரியலை. சரஸ்வதி பூஜைக்கு மொத நாள்” என்றார் அவர். இன்னொரு தடவை அந்த இடத்தைப் போடச் சொன்னார்.